போகும் படையும் இருக்கும் மக்களும்

(நல்லூரில் நடைபெற்ற தொழிலாளர் கூட்டத்தில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



மலையகத்திலிருந்து வந்த நாங்கள் நல்லூரில் நின்று பேசும்போது 1987ஆம் ஆண்டை மறந்துவிட்டுப் பேச முடியாது. அந்த வருடம் ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் செய்தார்கள். அதில் தமிழ் மக்களின் கையெழுத்து இல்லை. இந்தியப் படை வந்தபோது இங்குள்ள மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். செப்டம்பர் 15இல் இந்தக் கந்தசாமி கோயிலடியில் திலீபன் ஐந்து கோரிக்கைகளை வைத்து, தண்ணீரும் குடிக்காமல் உண்ணாவிரதம் தொடங்கினார். 26ஆம் திகதி இறந்தார். இரண்டு கிழமையில் யுத்தம் மூண்டது. அந்தத் தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே வைத்தியர்களும் தாதியரும் நோயாளரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். காவலுக்கு வந்த படை, மக்கள் பயந்து ஒளியும் படையாகிவிட்டது.

பிறகு, படை போவதா இருப்பதா என்ற வாதம் வந்தது. ஜனாதிபதி பிரேமதாச 1989 ஜூன் 1இல், ஜூலை 29க்குள் போய்விட வேண்டும் என்றார். தமிழருக்கு அதிகாரமும் பாதுகாப்பும் உறுதியாகாமல் எப்படிப் போவது என்று டில்லி கேட்டது. புலிகள் கொழும்போடு பேசினார்கள். வடக்கு கிழக்கு மாகாண சபையை நடத்தியவர்கள், படை போனால் தங்கள் கதி என்ன என்று அஞ்சினார்கள். ஆளுக்கொரு நியாயம் இருந்தது. பிள்ளையை இழந்த தாயிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

1990 மார்ச் 24இல் கடைசித் துருப்பும் திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. சுமார் 1,200 இந்தியச் சிப்பாய்கள் உயிரோடு ஊர் திரும்பவில்லை. அவர்களும் எங்கோ ஒரு வீட்டின் பிள்ளைகள்தான். திரும்பிய படையை வரவேற்கத் தமிழ்நாட்டு முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. ஜூன் மாதமே இங்கே மறுபடியும் யுத்தம் தொடங்கியது.

அந்நியப் படை போக வேண்டியதுதான். அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் படை போனதும் சமாதானம் தானாக வந்துவிடாது. போன மறுநாள் அந்த மக்களுக்கு யார் பொறுப்பு என்பதை அந்த மக்களையும் உட்கார வைத்துப் பேசித் தீர்த்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை.

இதில் தோட்டத் தொழிலாளிக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. அந்த நாட்களில் தெற்கில் ஜே.வி.பி. இந்தியப் பொருள்களைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. அதற்கு முன்பே, இந்திய விஸ்தரிப்புவாதம் என்று வகுப்பெடுத்து, லயத்தில் இருந்த நம்மைச் சந்தேகத்தோடு காட்டியது. படையை அனுப்பியது நாமல்ல. ஆனாலும் சந்தேகக் கண் நம் மீதும் விழுந்தது.

இது நமக்குப் புதிதும் அல்ல. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் நம்மில் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். கொழுந்தை நிறுத்துப் போடுவதுபோல மனிதரைப் பிரித்தார்கள். அண்ணன் மண்டபம் முகாமுக்குப் போனான், தம்பி லயத்தில் நின்றான்.

ஆனால் 1986 தைப்பொங்கலில் தொடங்கிய பிரார்த்தனைப் போராட்டத்தை நினையுங்கள். காலையில் மலைக்கு ஏறாமல் தோட்டம் தோட்டமாக மக்கள் கூடினார்கள். நாடற்றவருக்குக் குடியுரிமை தரும் சட்டம் அந்த ஆண்டே வந்தது. தொழிலாளி தானே வாய் திறந்ததால் கிடைத்தது அது.

ஆகவே, படை ஒப்பந்தமோ சம்பள ஒப்பந்தமோ, எது வந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். இதில் நம் ஆள் யார் உட்கார்ந்தார்? கையெழுத்துப் போட்டவர்கள் போன பிறகு யார் பொறுப்பு? கொழும்பில் போட்ட ஒப்பந்தத்தை வானொலியில் கேட்டு அறியும் நிலை நமக்கும் வேண்டாம், இந்த மண்ணின் மக்களுக்கும் வேண்டாம். வடக்கின் கடற்றொழிலாளியும் மலையகத்தின் கொழுந்து பறிக்கும் பெண்ணும் சேர்ந்து கேட்டால் அந்தக் குரலைத் தள்ளிவிட முடியாது.