நிமிர்ந்து களையெடுக்க ஒரு கொத்து

தோழர்களே, களைக்கொத்துக்குப் பிடி ஒரு சாண்தான்னு யார் விதித்தது? குட்டைப் பிடியென்றால், நிமிர்ந்தவளை வரப்பிலிருந்தே கண்டுபிடிச்சிடலாம். கலிபோர்னியா லெட்டூஸ் வயல்களிலும் மேஸ்திரிகளுக்கு இதே வசதிதான். அங்கே, பெரும்பாலும் மெக்சிகோ வழிவந்த தொழிலாளர்கள், முதுகு போகிறதென்று மாநில உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி, 1975இல் குட்டைக் கொத்தைத் தடைசெய்ய வைத்தார்கள்.

நாங்கள் பட்டறையில் அடித்தது இது. நெஞ்சுயர மூங்கில் காம்பு. ஒருபக்கம் தகடு, மறுபக்கம் ஐந்து பல். வெட்டு, திருப்பு, வாரு. பல்பக்கம் கனத்தால் காம்பு கையில் சுழலும். இரண்டு பக்கமும் எடை ஒத்து வரணும். நெல்லுக்கு ஆகாது. மிளகாய், கத்தரித் தோட்டத்துக்குத்தான். 'நின்னுக்கிட்டே செய்றதுக்கு முழுக்கூலியா?' என்கிறார் ஒரு பண்ணையார். இரண்டு கொத்து கொண்டுவந்திருக்கிறேன். களையெடுக்கிற பெண்கள் முதலில் பிடித்துப் பார்க்கட்டும். மாணவத் தோழர்கள் அப்புறம்.