கொழும்பின் சாப்பாட்டு மேசைகளில் நாங்கள்

(நூற்றாண்டு விழாவையொட்டிய ஒன்றுகூடலில் கொழும்புக் கிளையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூறு ஆண்டு கண்ட கல்லூரியின் விழாவிலே சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் சிரிக்கக்கூடும். படிப்புக்காகவும் உத்தியோகத்துக்காகவும் வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்த எங்களுக்கு, இருக்க ஓர் அறை கிடைத்த மறுகணமே எழுந்த கேள்வி "எங்கே சாப்பிடுவது?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை தேடிய வழியிலேதான் இந்த நகரத்தையும் அதில் வாழும் பல இன மக்களையும் அறிந்துகொண்டோம்.

எங்கள் ஊரில் 'கடைச் சாப்பாடு' என்பது நல்ல சொல்லாக இருக்கவில்லை. வீட்டில் அடுப்பு எரியாதவர்களுக்கு உரியது அது என்பார்கள். தேநீர்க் கடை ஆண்களின் இடம். பெண்கள் அதன் வாசலைக் கடந்து போவார்களேயன்றி உள்ளே போகமாட்டார்கள். ஆண்களிலும் எல்லோருக்கும் அந்த வாசல் திறந்திருக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சாதியின் பெயரால் சிலருக்கு வெளியிலே இடமும் தனிப் பேணியும் கொடுத்த காலம் இருந்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. அதற்குப் பின்னரும், 1960களின் இறுதியில் யாழ்ப்பாணத்தில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடத்தவேண்டியிருந்தது. ஒரு மேசையில் யார் அமரலாம் என்பது சின்ன விஷயம் அல்ல.

கொழும்பில் எங்களுக்கு முதலில் கைகொடுத்தவை சைவக் கடைகள். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் காலி வீதியோரம், கொட்டாஞ்சேனையில் கோயில்களை அண்டி, புறக்கோட்டையில் வியாபாரத் தெருக்களுக்குள் என்று அவை இருந்தன. விடிய ஆறு மணிக்கே தோசை, இடியப்பம், சொதி, சம்பல். பத்து மணிக்கு வடையும் தேநீரும். மத்தியானம் சோறும் கறியும். சோறும் மரக்கறியும் கேட்காமலே திரும்பவும் வரும். முன்பு தட்டின் மேல் ஒரு மெல்லிய பொலித்தீன் தாளை விரித்துப் பரிமாறுவார்கள். 2017 செப்டெம்பரில் அந்தத் தாளுக்குத் தடை வந்தது.

இன்னொரு கொழும்பு வழக்கம் ஊரிலிருந்து வருபவர்களைத் திகைக்க வைக்கும். தேநீர் கேட்டால் கூடவே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், வடை எல்லாம் வந்துவிடும். "நாங்கள் இவ்வளவும் கேட்கவில்லையே!" என்று பதறத் தேவையில்லை. எடுத்ததை எண்ணித்தான் பில் போடுவார்கள். புதிதாக வந்த தங்கைமாருக்கு இதை முதலிலே சொல்லிக் கொடுப்பது எங்கள் கிளையின் வழக்கமாகிவிட்டது.

ஆனால் சில கடைகளில் பெண்கள் நுழைந்ததும் வெயிற்றரின் கை தானாகவே உள்பக்கத்தைக் காட்டும். அங்கே திரை தொங்கும் 'குடும்ப அறை' இருக்கும். மின்விசிறி முன்மண்டபத்தில் சுழலும். நாங்கள் உள்ளே வியர்த்துக்கொண்டிருப்போம். "ஆரும் கூட வரேல்லையோ?" என்று கேட்பதும் உண்டு. அது எங்கள் நன்மைக்கே என்று சொன்னவர்களும் இருந்தார்கள். காலப்போக்கில் நாலைந்து பேராகச் சேர்ந்து போய் முன்மேசையிலேயே அமரப் பழகினோம். யாரும் எழுப்பவில்லை. இன்று அலுவலகம் முடிந்து ஒரு பிள்ளை தனியே அமர்ந்து தோசை சாப்பிடுவதை வெள்ளவத்தையில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

காலிமுகத்திடலில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் அந்தத் திடலை அமைப்பித்து 1859இல் நிறைவாக்கியபோது, கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக அதைப் பேணும்படி தமக்குப் பின் வருபவர்களைக் கேட்டுக்கொண்டதை அந்தக் கல் சொல்கிறது. அவர் மனத்தில் எந்தப் பெண்கள் இருந்தார்களோ, இன்று பின்னேரங்களில் அங்கே இறால் வடை வாங்கி, வெங்காயமும் மிளகாய்ச் சோஸும் ஒழுக ஒழுகச் சாப்பிடுபவர்கள் எல்லா இனத்துப் பெண்களும்தான். அங்கே குடும்ப அறை இல்லை. கடற்காற்றுத்தான்.

கொழும்பின் இனங்களை அதன் சாப்பாட்டிலே படிக்கலாம். பறங்கியரின் லம்பிரைஸ் ஒல்லாந்தர் காலத்து நினைவு. இறைச்சிச் சாற்றில் வேகவைத்த சோறு, கறி, சிறிய இறைச்சி உருண்டைகள், கத்தரிக்காய், சாம்பல் வாழைக்காய், இறால் சம்பல் எல்லாவற்றையும் வாழையிலையில் பொதிந்து சூட்டடுப்பில் வைப்பார்கள். பொதியைப் பிரிக்கும்போது எழும் மணத்துக்காகவே வாங்கலாம். கொம்பனித்தெருப் பக்கம் போனால் மலாயரின் நாசிகொறேங் கிடைக்கும்; அவர்களின் முன்னோரும் ஒல்லாந்தர் காலத்தில் கடல் கடந்து வந்தவர்கள். இரவிலே முஸ்லிம் கடைகளின் முன்னால் தகடுகள் தாளம் போட்டால் அது கொத்து ரொட்டி. சீனக் கடைகளோ எங்கள் நாக்குக்கு ஏற்றபடி உறைப்பைக் கூட்டிக்கொண்டன. அங்கே கிடைக்கும் ஹொட் பட்டர் கணவாய் சீனாவைவிட இலங்கைக்கே அதிகம் உரியது.

கோட்டையிலே ஒல்லாந்தரின் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் 2011இல் 'மினிஸ்ட்ரி ஒஃப் கிறாப்' என்ற நண்டு உணவகம் தொடங்கியது. சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாசவுடன் கிரிக்கெட் வீரர்கள் மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் சேர்ந்து தொடங்கியது அது. அங்கே நண்டுக்கு நிறைக்கேற்ற விலை. இரண்டு கிலோ நண்டுக்கு 'கிறாப்சில்லா' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த தோழி ஒருத்தி எங்களை அங்கே அழைத்துப் போனாள். விலைப்பட்டியலைக் கண்டதும் முருங்கையிலை போட்டு அம்மா வைக்கும் நண்டுக் குழம்புக்கு இத்தனை காலமும் என்ன விலை கொடுத்தோம் என்றுதான் நாங்கள் எல்லோரும் யோசித்தோம்.

இந்த மேசைகள் எப்போதும் பாதுகாப்பாக இருந்ததில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் எரிக்கப்பட்டவற்றுள் தமிழர்களின் சாப்பாட்டுக் கடைகளும் இருந்தன. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மூன்று பெரிய ஹோட்டல்களில் காலை உணவுக்கு அமர்ந்திருந்தவர்கள் குண்டுகளுக்குப் பலியானார்கள். 2022இல் எரிவாயு இல்லாமல் பல கடைகள் மூடப்பட்டன. சிலர் விறகடுப்புக்குத் திரும்பினார்கள். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் கதவைத் திறந்து, அடுப்பை மூட்டி, "வாங்கோ, இருங்கோ" என்றார். அந்தச் சொல்லின் பெறுமதியை அப்போதுதான் உணர்ந்தோம்.

தோழியரே, இத்தனை கடைகளிலும் ஒரு விஷயத்தைக் கவனித்தோம். தோசைக்கல்லில் நிற்பவர் ஆண். கொத்துப் போடுபவர் ஆண். பெரிய ஹோட்டலின் தலைமைச் சமையற்காரரும் பெரும்பாலும் ஆணே. வீட்டில் சம்பளமில்லாத கடமையாக இருக்கும் சமையல், கடைக்குப் போனதும் ஆணின் தொழிலாகிவிடுகிறது. இதற்கு மாறான ஒரு நல்ல முயற்சி எங்கள் மண்ணிலேயே இருக்கிறது. வடக்கில் விவசாயத் திணைக்களத்தின் ஆதரவோடு நடக்கும் 'அம்மாச்சி' உணவகங்களில் பெண்களே சமைத்து, பெண்களே விற்று, வருமானத்தையும் தாங்களே பெறுகிறார்கள். குரக்கன் பிட்டும் இலைக்கஞ்சியும் அங்கே சந்தைப் பொருள்களாயின. தென்னிலங்கையில் 'ஹெல பொஜுன்' என்ற பெயரில் இதே போன்ற கடைகள் இருக்கின்றன. பிள்ளைகளின் கொப்பிகளும் வீட்டு வாடகையும் அந்தக் கைகளின் உழைப்பிலேதான் வருகின்றன.

ஆகையால் இந்த நூற்றாண்டிலே கொழும்புக் கிளையின் சார்பில் மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, சங்கத்தின் கூட்டங்களுக்குச் சிற்றுண்டி எடுக்கும்போது முடிந்தவரை பெண்கள் நடத்தும் கடைகளில் எடுப்போம். இரண்டு, பில்லில் பத்து வீதம் சேவைக் கட்டணம் போட்டிருந்தால் அது பரிமாறியவருக்குப் போகிறதா என்று மரியாதையாகக் கேட்போம். மூன்று, அம்மா இருப்பவர்கள் அம்மாவை ஒருநாள் வெளியே சாப்பிட அழைத்துப் போவோம். "எனக்கு ஒன்றும் வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கோ" என்றுதான் சொல்லுவா. விலைப்பட்டியலை அவவின் கையிலேயே கொடுப்போம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாகச் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிட்ட தலைமுறை அது. முதல் தட்டு அவவுக்கு முன்னால் வைக்கப்படட்டும்.