விமானியாக விரும்பும் பிள்ளைக்கு முதல் பரீட்சை

(மேல்நிலைப் பள்ளி மாணவரும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் எங்கள் மருத்துவர்கள் ஆற்றிய உரை)



அவனியாபுரம், பெருங்குடி பக்கத்துப் பிள்ளைகள் தலைக்கு மேலே விமானம் இறங்குவதைப் பார்த்தே வளருகிறார்கள். அவர்களில் சிலர், "நானும் ஓட்டுவேன்" என்று சொல்லும்போது எங்களுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பயிற்சிக்குப் பல லட்சம் ரூபாய் செலவாகும். நிலத்தை அடகு வைத்தாவது படிக்க வைக்க எண்ணும் பெற்றோருக்கு நாங்கள் சொல்லுவது ஒன்றே: பணம் கட்டுமுன் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள்.

இதில் இரண்டு படிகள் உண்டு. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் பெறுவது இரண்டாம் வகுப்புச் சான்று. சம்பளத்துக்கு விமானம் ஓட்டுவதற்கோ முதல் வகுப்புச் சான்று வேண்டும். பெங்களூரில் 1957-ல் தொடங்கப்பட்ட விமானப்படை விண்வெளி மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் அதற்கான பரிசோதனை நடக்கிறது. முதல் படி தேறியதோடு நின்று பணத்தைக் கட்டிவிடாதீர்கள், இரண்டும் தேறட்டும்.

கண்ணாடி போட்டிருக்கிறானே என்று கலங்க வேண்டாம். கண்ணாடியால் சரியாகும் பார்வைக் குறைவு பெரும்பாலும் தடையாவதில்லை. நிறப் பார்வைக் குறைவே பலருக்கு எதிர்பாராத அடி. சிவப்பும் பச்சையும் மயங்கும் இக்குறை பெரும்பாலும் தாய் வழியாக மகனுக்கு வருகிறது. அது தாயின் குற்றமல்ல. அதற்கு மருந்தும் இல்லை. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளால் சில நிமிடங்களில் கண்டுகொள்ளலாம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய மதுரையில், இதற்காக வெளியூர் போக வேண்டியதில்லை.

இதில் ஏன் இத்தனை கண்டிப்பு? ஓடுபாதை ஓரத்தில் நான்கு விளக்குகள் உண்டு. இரண்டு வெள்ளையும் இரண்டு சிவப்பும் தெரிந்தால் சரியான உயரம்; நான்கும் சிவப்பானால் விமானம் மிகத் தாழ்ந்துவிட்டது. 2002 ஜூலையில் அமெரிக்காவின் டல்லஹாசியில் ஒரு சரக்கு விமானம் விடியுமுன் மரங்களில் மோதி விழுந்தது. குழுவினர் மூவரும் காயங்களோடு உயிர் தப்பினர். விமானிகளின் களைப்போடு, துணை விமானியின் நிறப் பார்வைக் குறைவும் காரணமென்று விசாரணையில் தெரியவந்தது.

இனி, பரிசோதனைக்கு ஆயத்தமாவது எப்படி? பழைய மருத்துவச் சீட்டுகளையும் அறுவைச் சிகிச்சை விவரங்களையும் சேர்த்து வையுங்கள். காதில் அழுக்கு அடைத்திருந்தால் முன்னதாகவே மருத்துவரிடம் எடுத்துக்கொள்ளுங்கள். செவிப் பரிசோதனைக்கு முந்தின நாள் திருவிழா ஒலிபெருக்கி அருகே நிற்காதீர்கள். ஜலதோஷம் இருந்தால் வேறு நாள் கேளுங்கள். இரவு நன்றாகத் தூங்குங்கள். இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் அப்படியே வாருங்கள். இரத்த அழுத்தத்தை மறைக்க இரகசியமாக மாத்திரை விழுங்காதீர்கள். வலிப்பு, மயக்கம், மனநோய் எதுவானாலும் உள்ளபடி எழுதுங்கள். மறைத்த நோய் ஆகாயத்தில் வெளிப்பட்டால், பின்னால் அமர்ந்திருப்போரின் உயிருக்கும் அது ஆபத்து.

"தற்காலிகத் தகுதியின்மை" என்று எழுதினால் மனமுடைய வேண்டாம். சிகிச்சை பெற்று மறுபடியும் போகலாம். நிரந்தரமாக முடியாது என்றாலும், பிள்ளையைத் தோற்றவன் என்று சொல்லாதீர்கள். விமானத்தைப் பழுதுபார்ப்போரும் வடிவமைப்போரும் தரையிலிருந்தே அதைப் பறக்க வைக்கிறார்கள். உண்மை பதினேழு வயதிலேயே தெரிந்தால் நிலமும் மிஞ்சும். வேறு வழி தேடக் காலமும் மிஞ்சும்.