எட்டு ஆஸ்கர் வாங்கிய படத்தில் அம்பேத்கர் எங்கே?

(சிறுவாச்சூரில் நடந்த இரண்டு நாள் மாணவர் - இளைஞர் முகாமில் முதல் நாள் இரவு 'காந்தி' படம் திரையிடப்பட்டது. மறுநாள் காலை பேசிய உரையின் எழுத்து வடிவம் இது. பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

தோழர்களே,

ராத்திரி படம் முடியும்போது மணி ஒண்ணு ஆயிடுச்சு. பாதிப்பேர் கண்ணு இன்னும் சிவந்து கிடக்கு. இன்னைக்கு மதுரகாளியம்மன் கோயில் நடை திறக்கிற திங்கள், வெள்ளி இல்லாததால பஸ்ஸில் கூட்டம் இல்லை, காலையிலேயே வந்துசேர்ந்துவிட்டீர்கள். சந்தோஷம்.

படம் முடிந்து திரையைச் சுருட்டும்போது ஒரு மாணவர் வந்து கேட்டார்: "அண்ணே, எட்டு ஆஸ்கர் வாங்கின படம்னு சொன்னீங்க. மூணு மணி நேரத்துக்கு மேல பாத்தேன். அம்பேத்கர் எந்த இடத்துல வர்றார்? நான் தூங்கிட்டனா?" தம்பி, நீங்க தூங்கவில்லை. அந்தப் படத்தில் அம்பேத்கர் வரவே இல்லை. உங்கள் கேள்வியைத்தான் இன்றைக்குப் பேச்சாக எடுத்துக்கொள்கிறேன். அந்தப் படத்துக்கு அந்த விருதுகள் தகுமா, தகாதா?

விருது வாங்கிய படம் என்றாலே நாம் கொஞ்சம் பயந்துவிடுகிறோம். வெள்ளைக்காரன் பார்த்து ஒப்புக்கொண்டான், நமக்கென்ன தெரியும் என்று ஒதுங்குகிறோம். அந்தப் பயத்தை முதலில் விட வேண்டும். ஆஸ்கர் என்பது வானத்திலிருந்து விழுவதில்லை. திரைப்படத் தொழிலில் இருக்கிறவர்கள் உறுப்பினர்களாக இருக்கும் ஒரு அகாதமி ஓட்டுப் போட்டுக் கொடுப்பது. அந்த ஓட்டர்கள் யார் என்று லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் நாளேடு 2012இல் கணக்கெடுத்தது. நூற்றுக்கு 94 பேர் வெள்ளையர், 77 பேர் ஆண்கள் என்று தெரிந்தது. 2012லேயே இதுதான் நிலைமை என்றால் 1940லும் 1983லும் எப்படி இருந்திருக்கும்? ஊர்க்கூட்டத்தில் யார் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தானே தீர்ப்பைக் கேட்கிறோம்? விருதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

'காந்தி'க்கு வருமுன் இன்னொரு படம். 1939இல் வந்த 'கான் வித் த விண்ட்'. அதுவும் போட்டிப் பிரிவுகளில் எட்டு ஆஸ்கர் வாங்கியது. அமெரிக்காவின் தெற்கில், பருத்திக் காட்டில் கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்திருந்த பண்ணையார் குடும்பங்களின் கதை. உள்நாட்டுப் போரில் அந்த வாழ்க்கை போய்விட்டதே என்று அழுகிற படம். அடிமைகள் எஜமானர் வீட்டை விட்டுப் போக மனமில்லாமல் விசுவாசமாக இருக்கிறார்கள். இது நமக்குப் புதிதா? 'பெரிய வீட்டு' பெருமை பேசுகிற எத்தனை தமிழ்ப் படம் பார்த்திருக்கிறோம்! 1992இல் வந்த 'தேவர் மகன்' அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையே வாங்கியது. பண்ணை வீடு இடிந்தால் அழ எல்லா ஊரிலும் ஆள் இருக்கிறது.

அந்த 'கான் வித் த விண்ட்' படத்தில் வேலைக்காரியாக நடித்தவர் ஹாட்டி மெக்டேனியல். அடிமைகளாகப் பிறந்த பெற்றோரின் மகள். படத்தில் அவருக்குச் சொந்தப் பெயர்கூடக் கிடையாது, 'மம்மி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆயா என்று வைத்துக்கொள்ளுங்கள். 1939 டிசம்பரில் அட்லாண்டா நகரத்தில் முதல் காட்சி. நிறவெறிச் சட்டம் இருந்த ஊர் என்பதால், நடித்தவரே போக முடியவில்லை. 1940 பிப்ரவரி 29 அன்று விருது விழா. சிறந்த துணை நடிகை ஹாட்டி மெக்டேனியல். ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பர் அவர்தான். விழா நடந்த ஓட்டலில் கறுப்பர்களை அனுமதிப்பதில்லை. தயாரிப்பாளர் தனியாகச் சொல்லி அனுமதி வாங்கினார். படத்தின் மற்ற நடிகர்களோடு இல்லாமல், சுவரோரம் ஒரு சின்ன மேசையில் அவரை உட்கார வைத்தார்கள். அங்கேயிருந்து எழுந்து போய்த்தான் விருது வாங்கினார்.

தோழர்களே, அந்த மேசையை நமக்குத் தெரியும். நம்ம டீக்கடையில் அதற்குப் பேர் தனிக்குவளை. டீ கொடுப்பார்கள், டீ நல்ல டீயாகவும் இருக்கும். ஆனால் குவளை வேற.

1952இல் ஹாட்டி இறந்தபோது, அவர் ஆசைப்பட்ட ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் இடம் தரமாட்டேன் என்றுவிட்டார்கள். சுடுகாட்டுப் பாதைக்காகப் போராடுகிற நமக்கு இதையும் விளக்க வேண்டியதில்லை. அவர் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு விட்டுச்சென்ற விருதும் பின்னாளில் காணாமல் போனது. 2023இல்தான் அகாதமி மாற்று விருது ஒன்றை அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது.

ஆக, என் தீர்ப்பு: ஹாட்டி மெக்டேனியலுக்குக் கொடுத்தது தகும். பெயரே இல்லாத ஒரு பாத்திரத்தை மனுஷியாக நிறுத்திக் காட்டியவர் அவர். சிறந்த படம் என்று கொடுத்தது தகாது. அடிமைத்தனத்தை அழகாகக் காட்டியதற்கான பரிசு அது. ஒரே படத்துக்கு இரண்டு தீர்ப்பு வரலாம். 'காந்தி'யையும் இப்படித்தான் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

ரிச்சர்ட் அட்டன்பரோ எடுத்த 'காந்தி' 1982இல் வந்தது. நம் அரசின் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பணமும் அதில் உண்டு. 1983 ஏப்ரலில் சிறந்த படம், இயக்குநர், நடிகர், நேரடித் திரைக்கதை, ஒளிப்பதிவு, கலை இயக்கம், உடை, படத்தொகுப்பு என்று எட்டு விருது. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். கை தட்டினேன், பொய் சொல்ல மாட்டேன்.

பென் கிங்ஸ்லியின் நடிப்பு? தகும். இளம் வக்கீலிலிருந்து கிழவர் வரைக்கும் உடம்பையே மாற்றிக்காட்டுகிறார். உடை வடிவமைப்பு? தகும். ஜான் மொல்லோவோடு பானு அத்தையா என்கிற நம் நாட்டுப் பெண் வாங்கியது அது. ஆஸ்கர் வாங்கிய முதல் இந்தியர் அவர்தான். ஒளிப்பதிவு? சவ ஊர்வலக் காட்சிக்கு மூன்று லட்சம் பேரைக் கூட்டினார்கள், அதைப் படம் பிடித்த உழைப்பை மறுக்க முடியாது.

திரைக்கதைக்குக் கொடுத்ததுதான் இடிக்கிறது. ஜான் பிரைலி எழுதியது. இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

ஒண்ணு, தென்னாப்பிரிக்கக் கக்கூஸ் காட்சி. ஆசிரமத்தில் முறைபோட்டுக் கக்கூஸ் கழுவ வேண்டும். கஸ்தூரிபா மறுக்கிறார், அது தீண்டத்தகாதவர் வேலை என்கிறார். காந்தி கோபத்தில் அவரைப் பிடித்து வெளியே தள்ளப் பார்க்கிறார், பிறகு வெட்கப்படுகிறார். நல்ல காட்சி. ஆனால் யோசியுங்கள். மலம் அள்ளுவது இங்கே உயர்ந்த சாதிக்காரரின் மனசாட்சிக்கு வைக்கிற பரீட்சையாக வருகிறது. பரம்பரை பரம்பரையாக அந்த வேலையில் தள்ளப்பட்டவர் எங்கே? அவருக்கு முகம் இல்லை, வசனம் இல்லை. நம்மைப் பற்றிய காட்சியில் நாம் இல்லை.

இரண்டாவது, 1932. லண்டன் போகிற காந்தியைப் படம் காட்டுகிறது. அதே லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும், நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும் தீண்டப்படாத மக்களின் பிரதிநிதிகளாக உட்கார்ந்திருந்தார்கள். சீனிவாசன் யார்? காந்தி தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக இருந்த காலத்தில் அங்கே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். படம் தொடங்குகிற தென்னாப்பிரிக்காவிலும் அவர் உண்டு, லண்டனிலும் உண்டு. திரையில் இரண்டு இடத்திலும் இல்லை.

மாநாட்டுக்குப் பிறகு 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் மக்டொனால்ட் தீர்ப்புச் சொன்னார். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு மாகாண சட்டசபைகளில் 71 இடம். அந்த இடங்களுக்கு நாம் மட்டுமே ஓட்டுப் போட்டு நம் ஆளைத் தேர்ந்தெடுக்கலாம். அதோடு பொதுத் தொகுதியிலும் நமக்கு இன்னொரு ஓட்டு. இதை எதிர்த்துத்தான் எரவாடா சிறையில் செப்டம்பர் 20 அன்று காந்தி சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். அவர் செத்தால் சேரிகள் என்னவாகும் என்ற பயம் நாடு முழுக்க. அந்த நெருக்கடியில் செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. இடங்கள் 148 ஆகக் கூடின, அதில் சென்னை மாகாணத்துக்கு 30. ஆனால் தனி வாக்குரிமை போனது. இரண்டாவது ஓட்டும் போனது.

ஒரு சினிமாக்காரனுக்கு இதைவிட நாடகம் எங்கே கிடைக்கும்? சிறை, பட்டினி, எதிரே பேரம் பேச வேண்டிய கட்டாயத்தில் ஒரு தனி மனிதன். காந்தியின் உண்ணாவிரதங்களைப் பெருமையாகக் காட்டுகிற படம், இந்த உண்ணாவிரதத்தை மட்டும் தாண்டிப் போய்விடுகிறது.

அந்த ஐந்து நாள் நமக்கு என்ன செய்தது? உங்கள் பெரம்பலூர் சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி. நாடாளுமன்றத் தொகுதியும் 2009 தேர்தலில் பொதுத்தொகுதி ஆகும்வரை தனித்தொகுதிதான். தனித்தொகுதியில் நிற்பவர் நம்மவர். ஜெயிக்க வைப்பது யார்? ஊரும் சேரியும் சேர்ந்த எல்லா ஓட்டும். சேரி முழுக்க ஒருத்தரை வேண்டாம் என்றாலும் ஊர் விரும்பினால் அவர் எம்.எல்.ஏ. ஆகலாம். நம் ஆள் ஜெயித்தும் ஏன் ஊரைப் பார்த்துப் பார்த்தே பேசுகிறார் என்று நீங்கள் ஆத்திரப்படுகிறீர்களே, அதன் வேர் எரவாடா சிறையில் இருக்கிறது. அந்த ரீல் படத்தில் இல்லை. இல்லாததால், உலகம் முழுக்கப் பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு சண்டை நடந்ததே தெரியாமல் போனது. 1945இல் அம்பேத்கர் காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று புத்தகமே எழுதியிருக்கிறார். படம் எடுத்தவர்கள் நினைத்திருந்தால் படித்திருக்கலாம்.

"ஒரு மனிதனின் முழு வாழ்க்கையையும் ஒரு படத்தில் அடக்க முடியுமா?" என்று கேட்பார்கள். படமே தொடக்கத்தில் அந்தச் சமாதானத்தை எழுத்தில் போட்டுவிடுகிறது. சரி, இடம் பத்தவில்லை. அப்படியானால் வாக்கர் என்கிற அமெரிக்கப் பத்திரிகையாளருக்கு எப்படி இடம் கிடைத்தது? மார்ட்டின் ஷீன் நடித்த அந்தப் பாத்திரம் கற்பனைப் பாத்திரம். இல்லாத ஒரு அமெரிக்கருக்கு நாற்காலி போட்டார்கள், இருந்த அம்பேத்கருக்குப் போடவில்லை. நேரப் பிரச்சினை என்று இதை நான் ஏற்கமாட்டேன்.

ஆக, திரைக்கதைக்கான விருது தகாது. சிறந்த படம்? அந்த ஆண்டு போட்டியில் 'மிஸ்ஸிங்' என்று ஒரு படம் இருந்தது. கோஸ்டா காவ்ரஸ் எடுத்தது. 1973இல் சிலியில் நடந்த ராணுவக் கவிழ்ப்பில் காணாமல்போன ஓர் அமெரிக்க இளைஞனை அவன் அப்பா தேடுகிறார். அமெரிக்க அரசின் கை அதில் இருந்ததா என்று படம் நேராகக் கேட்கிறது. ஹாலிவுட் அதற்குத் தழுவல் திரைக்கதை விருது ஒன்றைக் கொடுத்து அனுப்பியது. பெரிய விருது, பழைய பிரிட்டிஷ்காரனின் தவறைக் காட்டிய படத்துக்குப் போனது. அடுத்த வீட்டுக்காரன் தப்பைப் பேசுவது எப்போதுமே சுலபம். என் ஓட்டு 'மிஸ்ஸிங்'குக்கு.

அம்பேத்கர் படமும் பிறகு வந்தது. ஜப்பார் பட்டேல் இயக்கி மம்முட்டி நடித்தது, 2000இல் வெளியானது. சிறந்த நடிகர், சிறந்த ஆங்கிலப் படம், கலை இயக்கம் என்று மூன்று தேசிய விருது. அதில் பூனா ஒப்பந்தம் உண்டு. அதையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். மம்முட்டிக்குத் தகும். பல இடங்களில் பாடப்புத்தகம் போல நகர்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும், நம்ம படம் என்பதற்காக மறைக்கக்கூடாது. ஆனால் விருது வாங்கிய அந்தப் படம் தமிழ்நாட்டு மக்களுக்கு எப்போது வந்தது? தமிழில் குரல் சேர்த்த பிறகும் பெட்டியில் கிடந்து, சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2010 டிசம்பரில்தான் தியேட்டருக்கு வந்தது. 'காந்தி'க்குப் பள்ளிக்கூடமே வரிசையில் போனது. அம்பேத்கருக்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

அதனால் விருதுப் படங்களைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. பாருங்கள், நிறையப் பாருங்கள், கைதட்ட வேண்டிய இடத்தில் தட்டுங்கள். கூடவே மூன்று கேள்வி கேளுங்கள். யாருக்கு இதில் பேர் இருக்கிறது? யார் வேலை மட்டும் செய்கிறார்? யார் இருந்தும் இல்லாமல் போனார்?

கடைசியாக ஒன்று. கசக்கும், பரவாயில்லை. ராத்திரி படம் ஓடும்போது நான் பின்னால் நின்று பார்த்தேன். முன்வரிசை முழுக்க ஆண்கள். முகாமுக்கு வந்த பெண் தோழர்களில் நிறையப் பேர் கொல்லைப்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். இடைவேளைக்குப் பிறகுதான் வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். ஹாட்டி மெக்டேனியலின் மேசையை நாமே இங்கே போட்டு வைத்திருக்கிறோம். ஹாலிவுட்டைக் கேட்ட மூன்று கேள்வியை நம் முகாமையும் கேட்காவிட்டால் நான் இவ்வளவு நேரம் பேசியது வீண்.

இன்னைக்கு ராத்திரி அம்பேத்கர் படம் போடுகிறோம். முன்வரிசை பெண்களுக்கு. பாத்திரம் கழுவ நான் வருகிறேன். என்னோடு ஆறு ஆம்பளைங்க வேணும். இப்பவே பேர் கொடுங்க.

ஜெய்பீம்.