பெரிய எழுத்தும் மேல் கமாவும்

(கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளிடம் கொட்டாஞ்சேனையில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



வெள்ளவத்தையிலும் இங்கே கொட்டாஞ்சேனையிலும் கடைகளில் நிற்கிற உங்களில் பலருக்கு இங்கிலிஷில் லீவுக் கடிதம் எழுத வேண்டி வருகிறது. ஒரு தம்பி 'பாதர் இஸ் சிக்' என்று எழுதிக் கொடுத்தார். முதல் எழுத்து பெரிய எப். முதலாளி வாசித்துவிட்டு, "எந்தக் கோயில் பாதர்?" என்று கேட்டாராம். கோயிலும் சாமிமாரும் நிறைந்த ஊர், அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது!

தம்பி எழுதியது பிழை என்று சொல்ல முடியாது. அப்பா என்பதைப் பேர் மாதிரி வைத்துச் சொன்னால் பெரிய எழுத்துத்தான். ஆனால் வெளி ஆளுக்கு எழுதும்போது 'மை பாதர்' என்று எழுதுவதே தெளிவு. அப்போது சின்ன எழுத்து. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் அப்பாவின் பேரைப் போட்டுப் பாருங்க. 'முருகேசு இஸ் சிக்' சரியாக வரும், ஆகவே பெரிய எழுத்து. 'மை முருகேசு' என்று யாரும் சொல்வதில்லை, ஆகவே சின்ன எழுத்து. 'அங்கிள் செல்வம்' என்று பேரோடு சேர்ந்தால் பெரிய எழுத்து, 'மை அங்கிள்' என்றால் சின்னது. பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாருக்கும் அவர்களிடம் இந்த அங்கிள் ஒன்றுதான். சொல்லுக்கு அவ்வளவு பஞ்சம்!

இனி மேல் கமாவுக்கு வருவோம். நாம் 'உடைய' என்று சொல்கிற இடத்தில் அவர்கள் மேலே ஒரு கமாவும் எஸ் எழுத்தும் போடுகிறார்கள். இது உங்களுக்குப் புதிதல்ல. சிவனொளிபாதமலைக்கு இங்கிலிஷில் அடம்ஸ் பீக், ஆதாமுடைய மலை. ஹோட்டன் சமவெளியில் வேர்ல்ட்ஸ் என்ட், உலகத்தின் முடிவு. ஹப்புத்தளைப் பக்கம் லிப்டன்ஸ் சீட், தேயிலை விற்ற தோமஸ் லிப்டனுடைய இருக்கை. கொட்டாஞ்சேனையில் சென் லூசியாஸ், சென் பெனடிக்ட்ஸ். எல்லாவற்றிலும் கமா எஸ்ஸுக்கு முன்னால், ஏனென்றால் உடையவர் ஒருவர்.

உடையவர் பலராக இருந்து, சொல்லும் எஸ்ஸில் முடிந்தால் கமா எஸ்ஸுக்குப் பின்னால் போகும். கொழும்பு 7இல் லேடீஸ் கொலேஜ் இருக்கிறது. 1900இல் தொடங்கினது. ஒரு பெண்ணுடைய கல்லூரி இல்லை, பல பெண்களுடையது, அதனால் கமா கடைசியில். 'சில்ரன்' மாதிரிப் பலரைக் குறித்தும் எஸ் இல்லாத சொல்லுக்குப் பழையபடி கமா, பிறகு எஸ்.

இப்போது உங்கள் காசுக்கு வருகிறேன். ஈ.பி.எப். என்பதை விரித்து எழுதினால் எம்ப்ளோயீஸ் ப்ரொவிடன்ட் பண்ட். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். அதில் கமா எஸ்ஸுக்குப் பின்னால் நிற்கிறது. ஊழியர்கள் எல்லாருடைய நிதி என்று அர்த்தம். முதலாளியுடைய நிதி என்று எங்கேயும் எழுதவில்லை. உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டுவார்கள். முதலாளி தன் கையிலிருந்து 12 சதவீதம் போட வேண்டும், அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. ஈ.டி.எப்.புக்கு இன்னும் 3 சதவீதம், அதுவும் முதலாளி பொறுப்பு. கடையில் ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் கட்ட வேண்டும். 'சின்னக் கடைதானே' என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீங்க.

படிவம் நிரப்பும்போது யாருடைய பேர் கேட்கிறார்கள் என்று கமா இருக்கிற சொல்லைப் பாருங்க. 'பாதர்ஸ் நேம்' என்றால் அப்பா பேர், 'எம்ப்ளோயர்ஸ் நேம்' என்றால் முதலாளி பேர். நமக்குக் குடும்பப் பேர் கிடையாது, அப்பா பேரைத்தான் முன்னால் வைக்கிறோம். அதனால் இரண்டும் இடம் மாறிப் போவது சுலபம். பிறப்புச் சான்றிதழில், அடையாள அட்டையில் உள்ள எழுத்துப்படியே எழுதுங்க. ஒரு இடத்தில் 'லெட்சுமி', இன்னொரு இடத்தில் 'லட்சுமி' என்று இருந்தால் காசு எடுக்கிற நாளில் அலைச்சல். எல்லாம் பெரிய எழுத்தில் நிரப்பச் சொல்லியிருந்தால் முதலில் சொன்ன விதியை விட்டுவிடுங்க. அரசாங்கப் படிவத்தைத் தமிழில் தரும்படியும் கேட்கலாம்.

சம்பளச் சிட்டை கொண்டு வந்தவர்கள் இப்போது மேசைக்கு வாங்க. 8 சதவீதம் வெட்டியிருக்கிறதா, அங்கத்துவ இலக்கம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.