ரசீதில் ஒரு வரி

வீட்டு வரி ரசீதை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒன்று இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. நூலகத்துக்கு நாம் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டோம். வாடகை வீடா? வீட்டுக்காரர் அதைக் கையிலிருந்தா கட்டுவார்!

1948-இல் வந்த நூலகச் சட்டத்தின்படி வாங்கும் வரி இது. அப்போது சென்னை மாகாணக் கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார். நம்ம திருப்பூரில் பிறந்தவர்.

பணம் கட்டியாயிற்று. பிள்ளையை நூலகத்துக்குக் கூட்டிப் போனோமா?

"நான் பனியன் கம்பெனியில் செக்கிங். எனக்கே வாசிக்க வராது" என்பீர்கள். பரவாயில்லைங்க. துணியில் ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் பிடிக்கிற கண் உங்களுக்கு. படப் புத்தகத்தை விரித்து, "யானை எங்கே கண்ணு? அது ஏன் அழுகுது?" என்று கேளுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுத்து அவசரமில்லை. பேச்சுதான் வேண்டும். கதை பேசிய பிள்ளைக்குப் பின்னால் எழுத்து சுலபமாக வரும்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் சந்தைக்குப் போகிறோம். போகிற வழியில் நூலகம் எங்கே இருக்கிறதென்று இந்த வாரம் பார்த்து வையுங்கள். பணம்தான் கட்டிவிட்டோமே!