விளக்கின் குறிப்பு



திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. 71ஆவது அதிகாரம் அரசனின் முகத்தைப் பார்த்து உள்ளத்தை அறிவது பற்றியது. 110ஆவது, காதலியின் கண்ணைப் பார்த்து அறிவது பற்றியது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இன்னொரு வகைக் குறிப்பு: பழைய காரில், சாரதிக்கு முன்னால் அணையாமல் எரியும் சிறு விளக்கு.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அச்சுவேலியிலும் அயலூர்களிலும் ஓடிய ஒஸ்டின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகின. சிறிது பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் சைக்கிளில் வருபவருக்குப் புகை கண்ணைக் கரிக்கும். எஞ்சினுக்கோ தீங்கு வேறு வழியால் வந்தது. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல இலகுவில் ஆவியாவதில்லை. எரியாத மிச்சம் சிலிண்டர்ச் சுவரில் வழிந்து, பிஸ்டன் வளையங்களைக் கடந்து, கீழே ஒயிலுடன் கலந்துவிடும். ஒயில் தண்ணீர்ப் பதமாகும், அழுத்தம் குறையும். மொறிஸ் மைனர் 1000 போன்ற கார்களில் அப்போது ஒயில் விளக்கு எரியும். முதலில் சந்தியில் நிற்கும்போது மாத்திரம் மினுங்கும். பிறகு வல்லை வெளியில் ஓடும்போதும் அணையாது.

இதில் ஒரு வேடிக்கை. ஒயில் விளக்கு எரிந்தால் ஒயில் குறைந்துவிட்டது என்றுதானே நினைப்போம்? அளவுகோலை இழுத்துப் பார்த்தால் மட்டம் ஏறியிருக்கும்! விரலில் தொட்டு மணந்தால் மண்ணெண்ணெய் வாசனை. பரிகாரம், ஒயிலை மாற்றுவதுதான். ஆனால் ஒயிலுக்கும் தட்டுப்பாடு. பிரசவ வலியில் ஒரு பெண் பின் ஆசனத்தில் இருக்க, எரியும் விளக்குடன் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு ஓடிய சாரதியை அலட்சியக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் குறிப்பை அறிந்தே ஓடினார்.

இன்றைய யப்பானியக் கார்களில் எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு இருக்கிறது. கோளாறு கண்டால் கணினி ஒரு குறியீட்டை நினைவில் வைத்து அதை ஏற்றும். ஆனால் குறியீடு பழுதான பாகத்தின் பெயரல்ல. ‘பி 0171’ என்றால் எரிபொருளுக்குக் காற்று கூடிவிட்டது என்பது மட்டுமே. வெடித்த குழாயா, களைத்த எரிபொருள் பம்பா, அழுக்கேறிய உணரியா என்பதை மெக்கானிக்தான் தேடவேண்டும். தேடாமல் உணரியை மாற்றிக் காசு வாங்குபவரும் உண்டு. பற்றறி வயரைக் கழற்றி விளக்கை அணைத்துவிடுபவரும் உண்டு. அணைத்த விளக்கு, கோளாறு இருக்குமட்டும் திரும்ப வரும். கோளாறு தீர்ந்திருந்தால் சில ஓட்டங்களின் பின் தானாகவே அணையும். அது விட்டுவிட்டு மின்னினால் மாத்திரம் காத்திருக்கக்கூடாது. எரியாத எரிபொருள் புகைக்குழாயில் உள்ள வினையூக்கியைச் சுட்டுவிடும். வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறீர்களா? எஞ்சினை இயக்குமுன் சாவியை ‘ON’ நிலைக்குத் திருப்பிப் பாருங்கள். அந்த மஞ்சள் விளக்கு அப்போது எரியவேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணையவேண்டும். எரியவே இல்லையென்றால், விற்பவரிடம் ஏன் என்று கேட்டுவிட்டு விலையைப் பேசுங்கள்.